இரண்டு நூறு

மூன்று பெட்டிகள், ஒரு கறுப்புக் கம்பி.
முதலாவது பிராவெட்ஸ்.
பள்ளிக்கூடம் ஒன்று எடைக்குப் போட்டது;
இப்போது சமையலறையில், ரொட்டிப் பெட்டியை ஒட்டி.
இரண்டாவது வார்னாவில்
மூடிப்போன கப்பல் முகவர் ஒருவரின் மேஜையிலிருந்து.
அதன் விசைகளில் இன்னும் சிகரெட் சாம்பல்.
மூன்றாவது எங்கே கிடைத்தது என்று
ஓக்னியான் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
பதினோரு நாளாய் இந்த வீட்டில்
யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

வீட்டை விற்றுவிட்டு
காசெலுக்குப் போய் மகளோடு இருப்பதா,
இல்லை இங்கேயே,
ரூசேயில், எட்டாம் மாடியில்,
டான்யூப் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டா?
இருந்த சொற்களெல்லாம் அதற்கே செலவாகிவிட்டன.
அன்றிலிருந்து அவன்
சுவரோரம் முழங்காலிட்டுக்
கம்பி இழுக்கிறான்.

சனிக்கிழமை பகல் முழுக்க
ஒரு பெட்டி மற்றதைக் கூப்பிட்டது.
பதில் இல்லை.
கார்டைக் கழற்றினான், ஊதினான், மாட்டினான்.
எண்களை மாற்றினான்.
மூன்றாவது பெட்டியின் அம்மாவைத் திட்டினான்.
பதில் இல்லை.

வாசலில் நின்றே எனக்குத் தெரிந்துவிட்டது.
செவித்துணைக் கருவித் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருடம்;
கேட்காமல் போவதற்கான காரணங்கள்
எனக்கு அத்துப்படி.
கம்பியின் ஒரு முனையில் மூடி இருந்தது.
மறுமுனை வெறும் பித்தளை.

மூடாத முனை ஒரு சுவர்.
போன சொல் அதில் முட்டித் திரும்பும்.
திரும்பும் சொல் வருகிற சொல்லோடு மோதும்.
யாரும் ஊமையில்லை.
யாருக்கும் எதுவும் கேட்காது.
கடைசியில் ஒரு சின்னப் பொருள் உட்கார்ந்து
வந்ததை வாங்கி, சூடாகி, ஆறி
திருப்பித் தராமல் இருக்க வேண்டும்.
ஐம்பது ஓம்.
கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது.

அதையும் சொல்லாமல்தான் இருந்தேன்.
இரவு உணவு வரைக்கும்.
(மிளகாய் வறுவலை அவன் தொடவில்லை.)

அப்புறம் என் தகர டப்பாவைக் கவிழ்த்தேன்.
பிஸ்கட் படம் தேய்ந்த டப்பா.
ஐம்பது இல்லை. ஒன்றுகூட இல்லை.
நூறு ஏராளம்:
பழுப்பு, கறுப்பு, பழுப்பு.
அரிசிமணி நீளத்தில் பிடிவாதங்கள்.

இரண்டை எடுத்தேன்.
ஒன்றன்பின் ஒன்றாய் வைத்தால் இருநூறு.
பக்கத்தில் பக்கமாய், கால்களைச் சேர்த்து முறுக்கினால்
ஐம்பது.
இது பள்ளிக்கூடக் கணக்கு, வேறொன்றுமில்லை.
ஆனால் சால்டரிங் கோலின் புகை கலையும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவன் விளக்கைப் பிடித்திருந்தான்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் அருகில்.

மாட்டினேன்.
அவன் கூடத்துக்கு ஓடினான், காலுறையோடு, வழுக்கிக்கொண்டு.
சமையலறைப் பெட்டி எப்போதும்போலத் தேதி கேட்டது.
நினைவு வைத்துக்கொள்ள அதற்கு மின்கலம் கிடையாது;
ஒவ்வொரு முறையும் அதற்கு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று,
செவ்வாய்க்கிழமை.
வீடு யார் பெயரிலும் இல்லாத செவ்வாய்க்கிழமை.

திரையில் பச்சையாய் ஒரு வரி வந்தது.
பிறகு இன்னொன்று.
இருக்கிறாயா, இருக்கிறேன்.
இருக்கிறாயா, இருக்கிறேன்.
அவ்வளவுதான் பேசின,
மூன்று கிழட்டுப் பெட்டிகளும்,
நள்ளிரவு தாண்டியும், சலிக்காமல்.

"எவ்வளவு நேரம் எடுக்கிறது?" என்று
கூடத்திலிருந்து கத்தினான்.
பதினொன்றாம் நாளின் முதல் கேள்வி.
"நாலு மில்லிசெகண்ட்."
"மோசமில்லை."
"மோசமில்லைதான்."

பிறகு கதவருகே வந்து நின்றான்,
முழங்காலில் தூசியோடு.
ஏப்ரல் வரை வீட்டைப் பற்றிப் பேச வேண்டாமா
என்று கேட்டேன்.
தலையை இடமும் வலமும் அசைத்தான்.
எங்கள் நாட்டில் அதற்கு
ஆமாம் என்று பொருள்.
ஆனால் எதற்கு ஆமாம் என்று
இன்னும் நான் கேட்கவில்லை.